சூரணத்தில் காரீயம்: அறிக்கையில் இல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மழை பிடித்துக் காய்ச்சல் பரவத் தொடங்கினால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நிலவேம்புக் குடிநீர் கொதிக்கிறது. 2012 டெங்குவுக்குப் பிறகு அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் தெருமுனைகளிலும் அண்டா வைத்து ஊற்றிக் கொடுக்கும் அளவுக்கு அது ஊரறிந்த மருந்தாகிவிட்டது. 2020-இல் கபசுரக் குடிநீரும் அதனுடன் சேர்ந்துகொண்டது. வைத்தியர் நாடி பார்த்து ஒருவருக்கென்று கொடுத்துவந்த சூரணம் இன்று மூட்டை மூட்டையாக அரைபட்டு, பாக்கெட்டில் அடைபட்டு, எந்த வைத்தியர் கண்ணிலும் படாமலே வீடு வந்து சேர்கிறது. விற்பனை பெருகிய வேகத்தில் சோதனை பெருகவில்லை. சரக்கு எந்த மண்ணிலிருந்து வந்தது, அதில் காரீயமும் காட்மியமும் பாதரசமும் ஆர்சனிக்கும் எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலான பாக்கெட்டுகளிடம் பதில் கிடையாது. மூலிகை மருந்துகளின் தரச் சோதனையில் ஈடுபட்டிருக்கும் வேதியியலர்களும் சித்த மருத்துவர்களுமாகிய நாங்கள் இந்த மருந்துகளை மதிப்பவர்கள். மதிப்பதால்தான் இதை எழுதுகிறோம்.

பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008-இல் அதே குழுவினர் இணையம் வழியாக 193 மருந்துகளை வாங்கிப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்றில் உலோகம் இருந்தது. அமெரிக்காவில் தயாரானவற்றில் 21.7 சதவீதம், இந்தியாவில் தயாரானவற்றில் 19.5 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. பாதரசம் முதலிய உலோகங்களைச் சேர்த்தே செய்யும் ரச மருந்துகளில் 40.6 சதவீதம், ரச மருந்து அல்லாதவற்றில் 17.1 சதவீதம். செய்தித்தாள்கள் அந்த 40.6-ஐப் பிடித்துக்கொண்டன. எங்களை உறுத்துவது 17.1. ரச மருந்தில் பாதரசம் இருப்பது அதன் செய்முறை. வெறும் வேரும் இலையும் பட்டையும் சேர்ந்த மருந்தில் காரீயம் இருந்தால் அதை யாரும் போடவில்லை, தானாக நுழைந்திருக்கிறது என்று பொருள். தானாக நுழைவதைத் தடுக்க முடியும்.

முதல் ஆய்வு வந்த மறு ஆண்டு, 2005 அக்டோபரில், மத்திய ஆயுஷ் துறை ஓர் உத்தரவு போட்டது. முழுக்க மூலிகையால் ஆன சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை ஏற்றுமதி செய்வதானால் 2006 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பேட்சிலும் நான்கு உலோகங்களையும் சோதித்தாக வேண்டும். உலோகங்கள் வரம்புக்குள் இருப்பதாக லேபிளில் அச்சிட வேண்டும். மருந்தின் தரத்தை வகுக்கும் மருந்து நூலின் வரம்புகள்: காரீயம் 10 பி.பி.எம்., ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம் என்பது ஒரு பி.பி.எம். நல்ல உத்தரவு, கப்பலேறும் பெட்டிக்கு. அதே ஆலையில், அதே கல்லில் அரைத்து, மதுரைக்கும் திருச்சிக்கும் லாரியேறும் பெட்டிக்கு அப்படி ஓர் உத்தரவை அப்போது போடவில்லை. மருந்து நூல்களில் வரம்பு எண்கள் இருக்கின்றன; ஆனால் ஒவ்வொரு பேட்சும் அதைத் தாண்டவில்லை என்பதை வாங்குபவர் கண்ணால் பார்க்க இங்கே ஒரு வழியும் இல்லை.

வார்த்தையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டுப் போகலாம். பேச்சில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு. நஞ்சு, காரீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் விலை குறைப்பதற்காக வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்தால், அந்தப் பாத்திரத்தில் கொதிக்கும் புளிப்பும் துவர்ப்புமான கசாயம் அதைக் கரைத்துக்கொள்ளும். இன்னொன்று, நாகம். சித்த நூல்களில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். நாக பற்பமும் நாக பஸ்மமும் ஒரே பெயர் போலக் காதில் விழும். உள்ளே இருப்பவை இரண்டு வெவ்வேறு உலோகங்கள். இரண்டு முறைகளையும் கலந்து விற்கும் கடைகளில் இந்தக் குழப்பம் வராமல் இருக்க, லேபிளில் உலோகத்தின் வேதிப்பெயரையும் சேர்த்து எழுதினால் போதும்.

காரீயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மண்ணிலிருந்து. வேர், கிழங்கு, தரையோடு படரும் முழுச்செடி ஆகியவற்றில்தான் மண் அதிகம் ஒட்டும். நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்கில் வெட்டிவேர், விலாமிச்சைவேர், கோரைக்கிழங்கு மூன்றும் மண்ணுக்குள்ளிருந்து வருபவை, சுக்கும் அப்படியே. வெட்டிவேரின் நார்ச் சிக்கலுக்குள் களிமண் எப்படிப் புகுந்திருக்கும் என்பது அதை உதறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோரை, கரிசலாங்கண்ணி, வல்லாரை, வசம்பு இவையெல்லாம் ஈரம் தேடி வளர்பவை. கிராமத்தில் ஈரம் என்றால் வாய்க்கால் வரப்பு. நகரத்தின் ஓரத்தில் ஈரம் என்றால் சாக்கடை, பட்டறைக் கழிவு, பேட்டரி உடைக்கும் இடத்திலிருந்து வழியும் தண்ணீர். சேகரிப்பவருக்குச் செடி செழிப்பாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். சாலையோரத்தையும் விட்டுவிட முடியாது. காரீயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000-இல் நின்றுபோனாலும், அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையாக வந்து விழுந்த காரீயம் மேல்மண்ணில் அப்படியே கிடக்கிறது. அது மக்கிப் போகும் பொருள் அல்ல. பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் வரும். அதை வேர் உறிஞ்சி இலை வரை ஏற்றிவிடும், கழுவினால் போகாது. காரீயம் அப்படி இல்லை. பெரும்பங்கு வெளியே ஒட்டிய மண்ணோடுதான் வருகிறது. அதனால்தான் கழுவுதல் இந்தத் தொழிலில் முதல் மருந்து.

கழுவிய சரக்கா என்பதைச் சாம்பல் காட்டிக்கொடுக்கும். இரண்டு அல்லது மூன்று கிராம் தூளைச் சிலிக்கா மூசையில் வைத்து உலையில் கரி இல்லாமல் எரித்து எடுத்தால் மொத்தச் சாம்பல். அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, சாம்பல் விடாத வடிதாளில் வடித்து, தாளோடு மறுபடி எரித்து நிறுத்தால் அமிலத்தில் கரையாத சாம்பல். அது மணல், களிமண். மருந்து நூல் அந்தச் சரக்குக்குச் சொல்லும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்தால், விலையுயர்ந்த கருவியைத் தொடுவதற்கு முன்பே மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம். தராசும் உலையும் உள்ள சிறிய ஆலையும் இதைச் செய்ய முடியும். செய்யாமல் விடுவதற்குச் சொல்லப்படும் காரணம் நேரமின்மை. வீட்டில் ஒரு தேக்கரண்டிச் சூரணத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தால், அடியில் தங்கும் நறநறப்பே பாதி சேதி சொல்லிவிடும். அது மண்ணைக் காட்டும். காரீயத்தைக் காட்டாது என்பதை மறக்கக் கூடாது.

மண்ணுக்கு அடுத்தது ஆலைக்குள் நடப்பது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் கண் இங்கே அதிகம் படுவதில்லை. ஒரே கூரையின் கீழ் மூலிகைச் சூரணமும் உலோகம் சேரும் செந்தூரமும் செய்யும் இடங்கள் உண்டு. லிங்கம் என்னும் சிவப்புப் பாதரசக் கனிமத்தை அரைத்த கல்வத்தைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு மறுநாள் அதில் சூரணம் கலப்பார்கள். லிங்கத்தில் நூற்றுக்கு 86 பங்கு பாதரசம். 50 கிலோ சூரணத்தில் பாதரச வரம்பு மொத்தம் 50 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொடுவதற்கு 58 மில்லிகிராம் லிங்கம் போதும். நம் நிறுத்தலளவையில் ஒரு குன்றிமணி 130 மில்லிகிராம். அதில் பாதி கூடத் தேவையில்லை. கல்வத்தின் துளைகளிலும் குழவியின் அடிவிளிம்பிலும் அந்தச் சிவப்பு அதைவிட அதிகமாகவே தங்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

பல்வரைசர் என்னும் அரவை இயந்திரத்தில் வேறு மாதிரி. சுத்தியல்களையும் சல்லடையையும் கழற்றிக் கழுவுகிறார்கள். தூள் போய் விழும் துணிப்பையைத் தட்டிவிட்டு அப்படியே மாட்டுகிறார்கள். முந்தைய பேட்ச் அந்தப் பையின் இழைகளில் உட்கார்ந்திருக்கிறது. உலோகச் சரக்குக்கென்று தனிக் கல்வம், தனி இயந்திரம், தனிச் சல்லடை, தனி அறை. வேறு வழி இல்லை. அது வரும்வரை, பையை பேட்சுக்குப் பேட்ச் மாற்றுவதும், அடுத்த சூரணத்தின் முதல் இரண்டு கிலோவை ஓட்டி ஒதுக்கிவிடுவதும், அதற்கடுத்து வருவதில் ஒரு சாம்பிள் எடுத்துப் பாதரசம் மட்டும் பார்ப்பதும் குறைந்தபட்சம். ஷெட்யூல் ‘டீ’ எனப்படும் நல் உற்பத்தி நெறிமுறை 2000-இலேயே வந்துவிட்டது. 1,200 சதுர அடிப் பரப்பையும் தனித்தனித் தடுப்புகளையும் அது கேட்கிறது. ஆய்வுக்கு வருபவர் சதுர அடியை அளக்கிறார். துணிப்பையைக் கழற்றிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

மஞ்சளைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மாசு தானாக வருவதில்லை. மங்கிய கிழங்கைப் பளபளப்பாக்கக் காரீயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமியைப் பூசும் பழக்கம் வங்கதேசத்தில் பரவலாக இருந்ததை 2019-இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சந்தைகளில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, வியாபாரிகளிடம் நேரில் பேசி, இரண்டே ஆண்டுகளில் அதை ஏறக்குறைய ஒழித்தார்கள். மனது வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது. மஞ்சளில் காரீயம் கூடியிருந்தால் மண்ணா நிறமியா என்று பிரித்தறிய ஓர் எளிய கணக்கு: அதே கரைசலில் குரோமியத்தையும் அளந்து பாருங்கள். காரீயம் நான்கு பங்கு, குரோமியம் ஒரு பங்கு என்ற எடை விகிதத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தால் அது நிறமி.

இனி சோதனை. மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுப்பது சாம்பிள் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி ஐந்து மூட்டை வரை என்றால் எல்லாவற்றிலும், 6 முதல் 50 வரை என்றால் ஐந்திலும், அதற்கு மேல் என்றால் பத்தில் ஒரு பங்கிலும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி. லாரியில் குலுங்கி வந்த மூட்டையில் நுண்மண் அடியில் இறங்கிவிடுகிறது. மேலே மட்டும் எடுத்தால் அறிக்கை அழகாக வரும். எடுத்ததையெல்லாம் ஒன்றாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள கால் பங்குகளைச் சேர்த்து, மறுபடி குவித்துப் பிரித்துச் சிறிதாக்க வேண்டும்.

ஆய்வகத்தில் அரை கிராம் தூள், 8 மில்லி தூய நைட்ரிக் அமிலம், 2 மில்லி ஹைட்ரஜன் பெராக்சைடு. டெஃப்லான் குடுவையில் இறுக மூடி, மைக்ரோவேவ் கருவியில் மெல்ல மெல்ல 200 டிகிரிக்கு ஏற்றி, கால் மணி நேரம் நிறுத்தி, நன்றாக ஆறவிட்டுத் திறந்து, 50 மில்லியாக்க வேண்டும். மூடிய குடுவை என்பதுதான் இதில் உயிர். திறந்த பீக்கரில் ஹாட்பிளேட் மேல் வைத்துக் கொதிக்கவிட்டால் பாதரசத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். உலையில் சாம்பலாக்கிக் கரைத்தால் பாதரசம் முழுதும் போய்விடும், ஆர்சனிக்கும் குறையும். அப்புறம் ‘பாதரசம் இல்லை’ என்று வரும் அறிக்கை சாம்பலைப் பற்றிய உண்மை. மருந்தைப் பற்றியது அல்ல.

அரை கிராம் 50 மில்லியானால் எல்லாம் நூறில் ஒன்றாக நீர்த்துப்போகிறது. சூரணத்தில் காரீயம் சரியாக வரம்பில், 10 பி.பி.எம். இருந்தால், கரைசலில் 100 பி.பி.பி. (ஒரு பி.பி.எம்.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பி.பி.பி.). காட்மியம் வரம்பில் இருந்தால் கரைசலில் வெறும் 3 பி.பி.பி. பாதரசம் 10 பி.பி.பி. சுடர் முறை அணு உறிஞ்சல் கருவி காரீயத்தை ஒரு மாதிரி பார்த்துவிடும், 3 பி.பி.பி. காட்மியத்தை நம்பகமாக அளக்க அதனால் முடியாது, கிராஃபைட் உலை இணைப்பு வேண்டும். பாதரசத்துக்குச் சுடர் அறவே உதவாது. குளிர் ஆவி முறை வேண்டும். ஆர்சனிக்குக்கு ஹைட்ரைடு முறை. இந்த இணைப்புகள் இல்லாமல் சுடர்க் கருவி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு உலோகத்துக்கும் எண் போட்டுத் தரும் அறிக்கையைப் பார்த்தால், அதில் மூன்று எண்கள் எப்படி வந்தன என்று கேட்க வேண்டும்.

அணுக்களை நிறையால் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி நான்கையும் ஒரே ஓட்டத்தில் அளந்துவிடும் என்பது உண்மை. அதற்கும் அதன் குறும்புகள் உண்டு. ஆர்கானின் நிறை 40, குளோரினின் நிறை 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. ஆர்சனிக்கின் நிறையும் 75. ஆகவே இந்துப்பு சேர்ந்த அட்டாதி சூரணம் போன்றவற்றில் இல்லாத ஆர்சனிக் இருப்பதாகக் கருவி காட்டும். ஹீலியம் வாயு செலுத்தும் மோதல் அறையைப் போட்டால்தான் அது அடங்கும். நல்ல மருந்து ஒன்று இப்படி வீணாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறக்கூடும். பாதரசமோ குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்னும். ரச மருந்து ஒன்றை ஓட்டிய பிறகு உடனே மூலிகைச் சூரணத்தை ஓட்டினால் முந்தையதன் பாதரசம் பிந்தையதன் கணக்கில் ஏறும். கரைசலில் 200 பி.பி.பி. அளவுக்குத் தங்கம் சேர்த்து ஓட்டுவதும், இடையில் வெற்றுக் கரைசலை ஓட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

அடுத்து, அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நான்கு வரிசை. காரீயம் 4.2, ஆர்சனிக் 0.6, காட்மியம் ‘பி.டி.எல்.’, பாதரசம் ‘பி.டி.எல்.’ என்று இருக்கிறது. பி.டி.எல். என்றால் கருவியின் கண்ணுக்கு எட்டவில்லை என்று பொருள். எந்தக் கருவியின் கண்? அது எவ்வளவு தூரம் எட்டும்? காட்மியத்தை 1 பி.பி.எம்.-க்குக் கீழே பார்க்க முடியாத முறையில் சோதித்துவிட்டு, 0.3 வரம்புக்கு எதிரே பி.டி.எல். என்று எழுதினால், வரம்பைப் போல மூன்று மடங்கு காட்மியம் உள்ள மருந்தும் தேறிவிடும். அளவிடத்தக்க மிகக் குறைந்த அளவு எது என்று பக்கத்துக் கட்டத்தில் எண் இல்லாத பி.டி.எல். வெற்றுச் சொல். முறை, கருவி, சாம்பிள் எடை, அந்தக் குறைந்த அளவு, உலோக அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளில் கிடைத்த மீட்புச் சதவீதம் ஆகிய ஐந்தும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஒப்பீட்டுப் பொருளுக்கு உதாரணம், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் விற்கும் ஆப்பிள் இலைத் தூள்: அதில் காரீயம் 0.47 பி.பி.எம். சூரணத்தைச் சோதிக்கும்போதே அதையும் தனிக் குடுவையில் அமிலத்தில் கரைத்து ஓட்டி 0.47-க்கு அருகில் வரவில்லை என்றால், அன்றைய எண்கள் எதையும் நம்ப வேண்டாம். மருந்து வாங்கும் மருத்துவமனைகளும் ஒப்பந்தப்புள்ளியில் இந்த ஐந்தையும் கேட்டால் ஆய்வகங்கள் தாமாகத் திருந்தும்.

எல்லாம் சரியாக நடந்து, காரீயம் 9 பி.பி.எம். என்று வந்துவிட்டது என்று வையுங்கள். தேறியது. ஆனால் தேறியது மருந்தா, எண்ணா? பி.பி.எம். என்பது ஒரு கிலோவில் எவ்வளவு என்ற கணக்கு. உடம்புக்கு வேண்டியது ஒரு நாளில் எவ்வளவு உள்ளே போகிறது என்ற கணக்கு. அமுக்கராச் சூரணத்தைக் காலையும் இரவும் 2 கிராம் பாலில் கலந்து சாப்பிடுகிறார் ஒருவர். நாளுக்கு 4 கிராம். வரம்பின் உச்சியில் காரீயம் இருந்தால் அவர் தினம் விழுங்குவது 40 மைக்ரோகிராம். ஆங்கில மருந்துகளுக்கென்று உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறிமுறையில் வாய்வழி மருந்து ஒன்றின் மூலம் காரீயம் நாளுக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எட்டு மடங்கு வித்தியாசம். அதே நெறிமுறையில் காட்மியத்துக்கு 5, ஆர்சனிக்குக்கு 15, பாதரசத்துக்கு 30 மைக்ரோகிராம். நம் வரம்புகளை அதே 4 கிராமுக்குப் பெருக்கிப் பார்த்தால் காட்மியம் 1.2, ஆர்சனிக் 12, பாதரசம் 4. மூன்றும் உள்ளே அடங்குகின்றன. காரீயம் ஒன்றுதான் இடிக்கிறது. எனவே எல்லா வரம்பையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. காரீயத்தின் 10-ஐ மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள் என்கிறோம். ஐரோப்பிய மருந்து நூல் மூலிகைச் சரக்குக்கு 5 பி.பி.எம். என்றே வைத்திருக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மட்டும் சாப்பிடுபவருக்கு 10 பி.பி.எம். என்பது 5 மைக்ரோகிராம்தான். அங்கே பழைய வரம்பு சரியாகவே இருக்கிறது. தூளாக அப்படியே விழுங்கும் மருந்துகளுக்கு, தினசரி அளவைப் பெருக்கி வரும் மைக்ரோகிராமையும் அறிக்கையில் எழுதச் சொன்னால் போதும். ஒரே ஒரு கூடுதல் கட்டம்.

குடிநீர் வகைகளில் கணக்கு கொஞ்சம் இளகும். 5 கிராம் தூளை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றவைத்து வடித்தால், தூளில் உள்ள உலோகம் முழுவதும் இறங்காது; சக்கையில் ஒரு பங்கு நின்றுவிடும். எவ்வளவு இறங்குகிறது என்பது உலோகத்தையும் சரக்கையும் பொறுத்தது. ஆகவே குடிநீர்ச் சூரணங்களுக்குத் தூளையும் சோதித்து, லேபிளில் சொன்னபடி காய்ச்சிய கசாயத்தையும் சோதிக்க வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது எளிது: எவர்சில்வர் பாத்திரத்தில் அல்லது மெருகு பூசாத மண்சட்டியில் காய்ச்சி, சற்று நேரம் தெளியவிட்டு, வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, அடிவண்டலை விட்டுவிடுங்கள். வண்டலில்தான் சத்து என்று சொல்லி அதையும் சுழற்றிக் குடிக்கும் பழக்கம் வேண்டாம்; மண்ணும் அங்கேதான் இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் தளர்வே கூடாது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடம்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், சிறு குழந்தையின் உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும். உணவு மூலம் ஒரு குழந்தைக்கு நாளுக்கு 2.2 மைக்ரோகிராம் என்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. உரைமருந்துக்கு வசம்பும் கடுக்காயும் மாசிக்காயும் ஜாதிக்காயும் வாங்குபவர்கள் முழுசாகவே வாங்குங்கள். தேய்த்துக் கழுவி, உலர்த்தி, குழந்தைக்கென்று வைத்த கல்லில் உரையுங்கள். பொடியாக வாங்கினால் மண்ணைப் பார்க்கவும் முடியாது, கழுவவும் முடியாது. நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் உதிரிப் பொடிக்கு பேட்ச் எண் இல்லை, உரிம எண் இல்லை. அதில் கோளாறு வந்தால் எந்த மூட்டை என்று தேடக்கூட வழியில்லை.

உலோகம் சேர்த்தே செய்யும் பற்ப, செந்தூரங்கள் தனித் தலைப்பு. இந்தக் கடிதத்தில் அதற்கு இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். எட்டி, நேர்வாளம், சேராங்கொட்டை போன்ற கடுஞ்சரக்குகளும் பாடாண வகைகளும் அடங்கிய பட்டியல் ஒன்று சட்ட விதிகளில் உண்டு. அவை சேர்ந்த உள்மருந்தின் லேபிளில் ‘எச்சரிக்கை: மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்’ என்று கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும் என்கிறது விதி. சித்த மருந்தின் நூல் தமிழில், பெயர் தமிழில், சாப்பிடுகிறவர் பெரும்பாலும் தமிழர். எச்சரிக்கை மட்டும் தமிழில் இல்லை. இதைச் சரிசெய்ய ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு சித்த மருந்திலும் அந்த வரி தமிழிலும் வர வேண்டும் என்று மாநில அரசு மத்திய ஆயுஷ் அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். அதுவரை உற்பத்தியாளர்கள் தாமாகவே அச்சிடலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

சிறு உற்பத்தியாளர்களின் சங்கடமும் நியாயமானது. ஒவ்வொரு பேட்சையும் தனியார் ஆய்வகத்தில் சோதிக்கச் சொன்னால் இருபது கிலோ போடுகிறவர் கடையை மூட வேண்டியதுதான். அதற்கு வழி இருக்கிறது. மருந்தைச் சோதிப்பதற்குப் பதிலாக வந்திறங்கும் சரக்கு லாட்டைச் சோதியுங்கள். ஒரு லாட் கோரைக்கிழங்கு ஐந்து மருந்துகளுக்குப் போகும். ஒரு சோதனை ஐந்துக்கும் காவல். ஒரு வட்டாரத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து வாங்கி, சேர்ந்து சோதித்து, பிரித்துக்கொள்ளலாம். வேர், கிழங்கு, ஈரநிலச் செடி ஆகியவற்றை ஒவ்வொரு லாட்டும், மரத்தில் காய்க்கும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் போன்றவற்றை எப்போதாவதும் சோதித்தால் போதும். ஆபத்து இருக்கும் இடத்தில் பணத்தைச் செலவழிக்கலாம். முடிந்த மருந்தில் பேட்ச் எண்ணுக்கு எதிரே அறிக்கையை இணையத்தில் போட்டு, பாக்கெட்டில் க்யூ.ஆர். குறி ஒட்டினால் வாங்குபவரே பார்த்துக்கொள்வார். அரசே குடிநீர் வழங்கும்போது, வழங்கும் இடத்திலேயே அந்த பேட்சின் அறிக்கையை ஒட்டிவைப்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.

கடைசியாக, மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணம் பிடிபடாத கடும் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரும்புச்சத்து கொடுத்தும் ஏறாத ரத்தசோகை, சோர்வு இவற்றோடு ஒருவர் வந்தால், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், சூரணம், லேகியம், செந்தூரம், ஊரிலிருந்து யாராவது கொடுத்துவிட்ட பொடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கருவுற்ற பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள்: 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருந்ததை அந்நகரச் சுகாதாரத் துறை பதிவு செய்திருக்கிறது. ரத்தத்தில் காரீய அளவுக்கு எழுதிக் கொடுங்கள். காரீயம் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். ஆகவே மருந்தை நிறுத்திய சில மாதங்கள் கழித்து எடுக்கும் ரத்தம் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றக்கூடும். நோயாளியின் வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை, டப்பாவோடும் லேபிளோடும் பில்லோடும், கொட்டிவிடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். ரத்தத்தில் எண் வந்த பிறகு, எந்த ஆலையின் எந்த பேட்ச் என்று கண்டுபிடித்து மற்ற பாக்கெட்டுகளைக் கடையிலிருந்து திரும்ப எடுக்க அந்த டப்பா ஒன்றுதான் தடயம்.

இப்படிக்கு,
மூலிகை மருந்துத் தரச் சோதனையில் ஈடுபட்டுள்ள வேதியியலர்களும் சித்த மருத்துவர்களும்,
சென்னை